சாவி யார் இடுப்பில்?

நமது நாட்டில் பணத்திற்குத் தெய்வம் யார் என்று கேட்டால், லட்சுமி என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அதாவது ஒரு பெண். வெள்ளிக்கிழமைதோறும் அவள் படத்திற்கு விளக்கேற்றிப் பணம் கேட்கிறோம். ஆனால் அதே வீட்டில், நெல் விற்ற பணம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கடன், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று வீட்டுக்காரி வாய் திறந்து கேட்டுவிட்டால், "பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று ஒரே அடியாய் அடித்துவிடுகிறோம். சுவரில் மாட்டிய பெண்ணிடம் பணம் கேட்பதும், அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் பணக்கணக்கை மறைப்பதுமான இந்த யோக்கியதைக்குத்தான் குடும்ப தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசு உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் செய்யப்பட்டது. அன்று சிரித்தவர்கள் அநேகர். 1937-ல் விதவைகளுக்கு உரிமை தருவதாய் ஒரு சட்டம் வந்தது. அதுவும் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம் என்கிற அரைகுறை உரிமை. 1941-ல் பெடரல் கோர்ட்டு, அந்தச் சட்டம் விவசாய நிலத்திற்குச் செல்லாது என்று சொல்லிவிட்டது. நஞ்சையைத் தவிர வேறு சொத்தே இல்லாத தஞ்சாவூர் ஜில்லாவில், நிலத்திற்குச் செல்லாத சொத்துரிமை இலை போட்டுச் சோறு போடாத விருந்துதானே! 1947-ல் சென்னை மாகாணச் சட்டத்தால் அந்தக் குறை நீங்கிற்று. 1956-ல் இந்து வாரிசு உரிமைச் சட்டம், பெண் கைக்கு வந்த சொத்து அவளுக்கே முழுச் சொத்து என்றது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு என்பது நமது மாகாணத்தில் 1989-ல்தான் சட்டமாயிற்று. அதுவும் அவ்வருஷம் மார்ச்சு 25-ந் தேதிக்கு முன் கலியாணமானவர்களை விட்டுவிட்டது. அந்தக் குறையை 2005-ல் வந்த மத்திய சட்டம் தீர்த்தது. தகப்பன் அதற்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் பங்கு போகாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாயிற்று.

ஆகவே சட்டம் வந்துவிட்டது. சாவி வந்ததா என்பதுதான் நமது கேள்வி.

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ சார்பதிவாளர் ஆபீசு வாசலில் ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து பாருங்கள். அண்ணன் தம்பிகள் அக்காள் தங்கைகளைக் காரில் அழைத்து வருவார்கள். பூ வாங்கிக் கொடுப்பார்கள். காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பட்டுப்புடவையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அம்மாளை, "என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டால், "அண்ணன் போடச் சொன்னது, போட்டேன்" என்பார். வேலி நிலத்தில் ஒரு பங்கு ஒரு புடவைக்குப் போயிற்று! பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்கிற பயமே அந்தக் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைக்கிறது. பாசம் என்பது பத்திரத்தைப் படிக்கவிடாமல் செய்யுமானால், அது எப்படிப்பட்ட பாசம் என்று யோசிக்க வேண்டாமா?

ஊரார் குற்றத்தை மட்டும் சொல்லிவிட்டு நமது குற்றத்தை மறைப்பது யோக்கியமாகாது. பல வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பெண்ணுரிமை பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வீடு திரும்பினேன். அடகு வைத்த இடத்திலிருந்து ஏல நோட்டீசு வந்து கிடந்தது. என் மனைவி கேட்டார்: "ஏங்க, நகை என்னோடது, கடன் உங்க பேர்ல. கெடு எப்பன்னு எனக்குச் சொல்லியிருந்தா, நான் எப்படியாவது வட்டியாவது கட்டியிருக்க மாட்டேனா?" இரண்டு மணி நேரம் பேசிய எனக்கு இரண்டு வார்த்தை பதில் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றுதான். அது இரண்டு பேர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மேடையில் ஏறும் தோழர்களில் எத்தனை பேர் வீட்டில் இதுவும் இல்லை என்பது தெரிந்தே சொல்லுகிறேன்.

மாயவரத்தை அடுத்த மூவலூரில் வாழ்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய இராமாமிர்தம் அம்மையாரை அறியாத சுயமரியாதைக்காரர் இருக்க முடியாது. அவர் பேரால் 1989-ல் ஏழைப் பெண்களுக்குக் கலியாண உதவித் திட்டம் ஏற்பட்டது. 2011-ல் அதோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அந்தத் திட்டம் மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் பாங்கிக் கணக்கிலேயே போடப்பட்டது. கழுத்துக்குப் போன பணம் கல்விக்குப் போனதை நாம் மனமார வரவேற்கிறோம். 2023 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் சொந்தக் கணக்கில் ஏறிற்று.

ஆனால் கணக்கு அவள் பேரில், ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப் பையில்? ரகசிய எண் யாருக்குத் தெரியும்? உரிமைத் தொகை என்று பேர் வைத்த பணத்தைப் புருஷன் எடுத்துவந்து, அதில் நூறு ரூபாயைப் பெண்டாட்டி கையில் தருமம் போல் கொடுத்தால், அது யாருடைய உரிமை?

இனி, கடன் விஷயம். ஒரு தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500-ஐ முன்பே பிடித்துக்கொண்டு, 8,500 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே!" என்று தோன்றும். கைக்கு வந்ததோ 8,500. அதையும் முதல் வாரத்திலிருந்தே திருப்புகிறோம். கணக்குப் போட்டால் வாரத்திற்கே நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி. வருஷத்திற்கு நூற்றுக்கு 150-க்கு மேல்! இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவரைக்கும், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் பணம் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். தண்டல்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலமும்தான் வருகிறார்!

குழுக் கடனிலும் கவனம் வேண்டும். டெல்டாவில் கூலி வருவது நடவு, களை, அறுப்புக் காலங்களில். மெஷின் வந்தபின் அந்த நாட்களும் சுருங்கிவிட்டன. தவணையோ வேலையில்லாத வாரத்திலும் வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கூரையில்லாமல் நின்றவர்களிடமும் தவணை கேட்டு ஆள் வந்த சேதி பத்திரிகைகளில் வந்ததுதான். ரிசர்வ் பாங்கி 2022-ல் விதி செய்திருக்கிறது: இப்படிப்பட்ட சிறு கடன் கொடுக்கும்போது, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது, கடன் அட்டை வாங்குகிறவருக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டும், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொல்லை செய்யக் கூடாது, முன்கூட்டியே கட்டினால் அபராதம் கூடாது. இது தெரிந்த பெண்ணிடம் அதட்டுகிறவன் குரல் தானாய் இறங்கும்.

"பெண்களுக்குக் கணக்கு வராது" என்பது சிலர் வாதம். இதைவிடப் பெரிய புரட்டு வேறில்லை. இத்தனை மா நிலத்துக்கு எத்தனை கட்டு நாற்று, எத்தனை ஆள் நடவு என்று வரப்பில் நின்றபடியே சொல்லுகிறவள் நடவுக்காரி. மரக்கால், கலம் என்று நெல்லளந்து வருஷச் சாப்பாட்டை ஓட்டுகிறவள் வீட்டுக்காரி. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்களில் வரவு செலவு எழுதுகிறவர்கள் பெண்களே. 1968-ல் 44 பேர் எரிந்து மாண்ட கீழவெண்மணி இருக்கும் இந்த மண்ணில், கிருஷ்ணம்மாள் ஜகந்நாதன் அம்மையார் 1981-ல் லாப்டி இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்து, பெண்கள் பேரிலேயே பதிவு செய்வித்தார். அம்மையார் சர்வோதயக்காரர், நமக்கும் அவருக்கும் கொள்கையில் பேதம் உண்டு. ஆனாலும் பெண் பேரில் பத்திரம் போட்டதை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. இன்று வீட்டில் அடுத்து வாங்கும் மனைக்கட்டையாவது பெண் பேரில் எழுதுங்கள். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைவு என்றும் ஏற்பாடாயிற்று.

தைரியம் என்பது வரமாகக் கிடைக்கும் சாமான் அல்ல. பாங்கிக்குத் தானே ஒரு முறை போய், சீட்டைத் தானே எழுதி, தப்பாக எழுதினால் கிழித்துவிட்டு மறுபடி எழுதினால் வருவது. ஆகையால் சகோதரிகளே, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால், பங்குக்கு வராத ஒருவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அட்டையையும் ரகசிய எண்ணையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடகுச் சீட்டின் கெடுவைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

தோழர்களே, நமது வேலை விலகி நிற்பதும், கேட்டால் ஒளிக்காமல் சொல்லுவதுமேயாகும். ஆடிப் பதினெட்டன்று காவிரிக்கரையில் காதோலை கருகமணியை ஆற்றில் விடுகிறார்கள். அந்த ஒரு நாளாவது வீட்டுப் பத்திரம், பாஸ்புக்கு, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் வீட்டுப் பெண்கள் முன் விரித்து வைத்து வாசித்துக் காட்டுங்கள் பார்ப்போம். அதற்குத் துணிவில்லாதவர் இனி மேடையில் பெண்ணுரிமை பேச வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம்.