உருக்குக்குப் பதில் நார்

மோட்டார் வண்டியின் வெளித்தகடுகளை உருக்கை விடுத்து, நாரும் பிசினும் கலந்த லேசான கலப்புப் பொருளால் அமைப்பது ஏதோ நேற்றுப் பிறந்த நூதன யோசனை என்று எண்ணுவோர், 1953-ல் அமெரிக்காவின் பிளின்ட் நகரில் கண்ணாடி நார்க் கூட்டோடு உருவான முதல் 300 கார்வெட் வண்டிகளையும், உருக்குப் பஞ்சத்தால் வேறு வழியற்றுப்போன கிழக்கு ஜெர்மனியில், பருத்திக் கழிவையும் பீனால் பிசினையும் சேர்த்து அழுத்திய தகடுகளோடு 1957 முதல் வெளிவந்த டிராபான்டையும் மறந்தவர்களே. டிராபான்டை உலகம் பரிகசித்தது. பரிகாசத்துக்குரியது புகை கக்கிய அதன் டூ-ஸ்ட்ரோக் இஞ்சினேயன்றித் துருப்பிடிக்காத அந்த மேனியன்று என்பது என் அபிப்பிராயம். (உள்ளிருந்த உருக்குச் சட்டம் துருவேறியது வேறு விஷயம்.) கண்ணாடி நார்க் கலவையின் அடர்த்தி உருக்கினதில் ஏறக்குறையக் கால் பங்கே, எடை குறைய எரிபொருள் மிச்சமாகும், இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால், நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் பட்டறைக்காரரிடம், நசுங்காமல் விரிசல் விடுவதும் ஒருமுறை இறுகியபின் எச்சூட்டிலும் இளகாததுமான இப்பொருளைக் கொண்டு சென்றால் அவர் என்ன செய்வார் என்பதையும், வண்டியின் ஆயுள் முடிந்தபின் உருக்கைப்போல் மீண்டும் உருக்கி வார்க்க இயலாத அந்த வஸ்துவை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. பானெட், மட்கார்டு, பின்கதவு முதலிய, கழற்றி முழுதாக மாற்றத்தக்க பாகங்களில் இதைக் கையாள்வது உசிதமே. எனினும், பழுதுபார்க்கும் செலவையும் கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் விற்கும்போதே எழுதிக் கொடுக்காத உற்பத்தியாளரிடம், விலை எவ்வளவு சகாயமாயினும், வாங்காதிருப்பதே விவேகம்.