தாமே சூட்டிய நோய்ப்பெயர்

கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டையூசி வளைவுகளுக்கும் அடிவாயிலாக நிற்பது காரவள்ளி. சென்ற விடுமுறையில் ஆண்டுப் பேருந்தை எதிர்நோக்கி நின்றிருந்தபோது, அருகிருந்த இளந்தம்பதிகளின் வழக்கொன்று எம் செவியிற் பட்டது. ஒட்டுக்கேட்ட பழியை ஏற்கின்றோம். மனைவி பணப்பையை வீட்டில் மறந்து வந்தனள். "எனக்குக் கவனக்குறைவு நோய் இருக்குதுங்க, கைபேசியில படிச்சேன், எல்லாம் என்னையாட்டமே இருக்குது" என்றாள். "மறதிக்கு ஒரு பேரு கெடச்சிருச்சாக்கும்" என்றான் கணவன்.

எம்முள்ளம் முதலிற் கணவன் பக்கமே சாய்ந்தது. அந்நோயை முதிர்ந்த வயதில் தெளிவதற்கும், அதன் குறிகள் பன்னிரண்டு வயதிற்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டுமென்பது 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்தின் இலக்கணம். உறக்கமின்மையும், மனக்கலக்கமும், தைராய்டுக் கோளாறும் அதே வேடம் புனைந்து வருவனவாம். இவற்றைக் கைபேசி பிரித்துக் காட்டாது. ஆயினும் சிறிது ஆராயுங்கால் எம் கருத்து மாறிற்று. ஓடியாடித் தொல்லை தருஞ் சிறுவனையே ஆசிரியர் கண்டுகொள்வர். வகுப்பின் மூலையிற் கனவு காணுஞ் சிறுமியைச் 'சோம்பேறி' என்று தள்ளிவிடுவர். அவள் வளர்ந்தபின் தன்னைத் தானே தேடுதல் குற்றமாமோ? மலையடிவாரத்து ஊரில் மனநல மருத்துவரை நாடுதல் ஒரு நாட்கூலியை இழத்தலாகும். 2022இல் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி உதவியையேனும் இருவரும் சேர்ந்து அழைத்திருக்கலாம்.

இவ்வழக்கில் நாம் அஞ்சுவது பிறிதொன்று. அன்பினால் ஒருத்தி வெளியிட்ட சொல், பகை மூண்டபின் நீதிமன்றத்திற் படைக்கலமாதல் கூடும். கிறிஸ்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், 2001இல் திருத்தப்பெற்றபின், ஈராண்டேனும் தொடர்ந்த தீராச் சித்தப்பேதத்தை மணமுறிவிற்குக் காரணமாகக் கொள்கின்றது. மறதியும் கவனச்சிதறலும் சித்தப்பேதம் ஆகா. இந்து விவாகச் சட்டத்தின் வழக்கொன்றில் 1988இல் உச்சநீதிமன்றமும், மனக்கோளாறு உண்டென்பது மட்டும் போதாது, இணைந்து வாழவொண்ணாத அளவினதாதல் வேண்டும் என்றே தீர்த்தது. ஆயினும், வழக்கில் தோற்றாலும் தெருவில் வெல்லும் பழி ஒன்றுண்டன்றோ? சுகத்திலும் நோயிலும் பிரியோம் என ஆலயத்தில் உறுதி கூறும் நம்மவரும் 'பைத்தியம்' என்னுஞ் சொல்லை எளிதில் வீசுகின்றனர்.

மனைவியர்க்கும் ஒன்று கூறுவோம். பெயரைக் கண்டதோடு பணி முடிந்ததெனக் கொள்ளற்க. பணப்பையை வாயிற்கதவில் மாட்டிவைத்தல் எந்நோய்க்கும் பொருந்தும். வள்ளுவர் மருந்ததிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு கூறு வகுத்தனர். தானே நோயறிவார் இந்நான்கையும் ஒருவராகவே சுமக்கின்றனர்; நான்காமவர் இடம் கணவனுடையது. அவ்விடத்தை அவன் ஏளனத்தால் நிரப்பினான் என்பதே எம் குறை.

பேருந்து வந்தது. சீட்டு இரண்டையும் கணவனே வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சினத்தாலோ, அவள் தொலைத்துவிடுவாள் என்னுங் கரிசனத்தாலோ, அறியோம்.