தொழிலாளியின் மானம் மலிவானதா?

சம்பளப் பேச்சு சூடு பிடிக்கும்போதெல்லாம் தோட்டங்களில் ஒரு கைவரிசை நடக்கிறது. முன்னுக்கு நின்று பேசிய மாதர் தலைவியின் படத்தைப் போட்டு, "கம்பனியிடம் காசு வாங்கிவிட்டாள்" என்று முகநூலில் எழுதுகிறார்கள். விடிவதற்குள் அது வட்ஸ்அப்பில் லயம் லயமாகச் சுற்றுகிறது. பெரட்டுக்களத்தில் அவர் தலைகுனிந்து நிற்கிறார்.

"நாய் குரைக்குது, விடுங்க" என்கிறார்கள் சிலர். நாம் விடமாட்டோம். இன்று விட்டால், நாளை பேச எந்தப் பெண் முன்வருவாள்? பொய் பரப்புவோருக்கு வேண்டியதும் அதுதானே!

அவதூறு 2002 முதல் இந்நாட்டில் குற்றவியல் குற்றமல்ல. அதனால் பொலிஸில் "கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். ஆனால் கொலை மிரட்டலும் ஆபாசப் படமும் பொலிஸ் விடயம்; முறைப்பாட்டைப் பதியாமல் திரும்பாதீர்கள். மற்றதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடரலாம். இரண்டு வருடத்துக்குள் தொடர வேண்டும். முதலில் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, பதிவை நீக்கவும் மன்னிப்புக் கேட்கவும் சொல்லலாம். எழுதியவர் மட்டுமல்ல, பொய்யைப் பகிர்ந்தவரும் பொறுப்பாளியே.

பதிவு அழிவதற்கு முன் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கணக்கின் பெயர், இணைப்பு, திகதி, நேரம், பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

சட்டம் இருக்கிறது, காசுதான் இல்லை. துரைமாருக்குக் கம்பனியின் சட்டத்தரணி வருவார். கொழுந்து பறிப்பவருக்கோ ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர் போகும். வருமானம் குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதோடு, சங்கத்துக்காகப் பேசி அவதூறுக்கு ஆளானவரின் வழக்குச் செலவைச் சங்கமே ஏற்க வேண்டும். சந்தாப் பணம் இதற்கில்லாமல் வேறெதற்கு?

"2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பிடித்து உள்ளே போடுங்க" என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். எது பொய் என்று தீர்மானிக்க, ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் தரும் சட்டம் அது. இன்று நம் எதிரி மீது பாயும். நாளை ஒழுகும் லயக் கூரையைப் படம்பிடித்துப் போட்ட நம் பிள்ளை மீது பாயும். பொதுநன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறல்ல. அந்த உரிமையை நாம் கைவிட முடியாது.

ஆகவே தோழர்களே, அடிக்க ஓடாதீர்கள். அழுது அடங்கவும் வேண்டாம். ஆதாரத்தோடு தோட்டக் கமிட்டிக்கு வாருங்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் சட்டச் செலவு நிதிக்கான தீர்மானத்தைக் கொண்டுவருவோம். கை உயர்த்த எல்லோரும் வாருங்கள்!