ஓரத்தை வெட்டும் முன்

பழைய தமிழ் அச்சுப் பிரதிகளை ஸ்கேன் செய்யும் ஆய்வாளர்களிடையே ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. எல்லாப் பக்கங்களையும் ஒரே கட்டளையால் ஓரம் வெட்டி, வெட்டிய பிரதியை மட்டும் வைத்துக்கொள்வது. கைப்பேசியில் படிக்கவும் எழுத்துணரிக்குக் கொடுக்கவும் இது வசதிதான். ஆனால் ஓரம் வெற்றிடம் அன்று. கோலார் தங்கவயலின் அச்சு வரலாற்றைப் பொறுத்தவரை, சான்றே அங்குதான் இருக்கிறது.

1907இல் அயோத்திதாசர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914இல் மறைந்த பின்னர், 1920களில் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பட்டது. சாம்பியன் ரீஃப்பின் சித்தார்த்தா புத்தகசாலை தமிழ்ப் பௌத்த நூல்களை வெளியிட்டது. இவ்வகை வெளியீடு ஒன்று எங்கே அச்சானது என்பதைப் பெரும்பாலும் பக்கத்தின் அடியிலுள்ள ஒற்றை வரியே சொல்லும். அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருக்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் இந்தியாவின் 1867ஆம் ஆண்டுச் சட்டம். தங்கவயலோ மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே அவ்வரி எப்படி இடப்பட்டது என்பதே தனி ஆய்வுக்குரிய கேள்வி.

இமேஜ்மேஜிக்கின் 'டிரிம்' கட்டளை விளிம்பு நிறத்தை ஒத்த பகுதிகளை நீக்கும். பழுப்பேறிய தாளுக்காக 'ஃபஸ்' அளவைக் கூட்டினால், மங்கிய பக்க எண்ணும் தாளின் நிறமாகவே கருதப்பட்டு வெட்டுப்படும். அதே தொகுப்பின் 'மோக்ரிஃபை' கட்டளையோ, வேறு இடம் குறிப்பிடாவிடில், மூலக் கோப்பின் மீதே எழுதிவிடும். கேள்வி கேட்காது, எச்சரிக்காது.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து வெளிவரும் துண்டறிக்கைக்கு இரண்டாவது ஸ்கேன் வாய்ப்பது அரிது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடிக் குடும்பங்கள் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் சிதறுகின்றன, தாள்களும் உடன் சிதறுகின்றன. ஆகவே வெட்டாத கோப்பே ஆவணம். வெட்டியது வாசிப்புப் பிரதி மட்டுமே. எந்தக் கட்டளை, எந்த அளவு என்பதும் கோப்புடன் பதிவாக வேண்டும். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு குறிக்கும் மரபுடைய துறைக்கு இது புதிய சுமையன்று.

வரைபடங்களில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. 'பிடிஎஃப்கிராப்' பக்கத்தின் எல்லையைச் சுருக்குகிறதேயன்றி, எல்லைக்கு வெளியே இருப்பதை அழிப்பதில்லை. களப்பணிப் படத்தின் ஓரத்தில் தகவலாளியின் பெயரோ தெருவோ எழுதப்பட்டிருந்து, எல்லையைக் கையால் குறித்து வெட்டினால், அது கண்ணுக்கு மறையும். கோப்புக்குள் அப்படியே இருக்கும். தகுந்த மென்பொருள் உள்ள எவரும் அதை மீட்டெடுக்கலாம். பெயரை மறைப்பதாகத் தகவலாளிக்கு வாக்களித்தவர், வெட்டிய படத்தைப் பிக்சல் படமாக மாற்றி, அந்தப் படத்தையே ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும்.