தூண்டில் வளைவின் மேல் அரை மணி நேரம்

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் எடுத்தவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் அண்ணன் மகள் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாள். மலையில் மூன்று நாள் மௌன முகாம். போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், மரங்களுக்கு நடுவே சும்மா உட்கார வைப்பார்களாம். கட்டணத்தைப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வருடம் முழுக்க நான் வாங்கிய சம்பளத்தைவிட அதிகம். "சித்தப்பா, இந்தத் தூசியிலயும் லாரிச் சத்தத்துலயும் எத்தனை நாள்தான் இருப்பீங்க? ஒரு தடவை போய் நிம்மதியா இருந்துட்டு வாங்களேன்" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். போகிறவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. ஆனால் அமைதி என்பது நம் ஊரில் கிடைக்காத ஒரு பொருள், வெளியூர் போய்த்தான் வாங்கி வர வேண்டும் என்று நம் பிள்ளைகள் நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2016 மே மாதம் ஓய்வு பெற்றேன். 31 வருடப் பழக்கம், விடிகாலை 4 மணிக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்வது என்று தெரியாது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் வீட்டம்மாவுக்குத் தூக்கம் கெடுகிறது. "எங்கேயாவது போய் உட்கார்ந்துட்டு வாங்க" என்றாள். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் திருவொற்றியூர் கடற்கரையில் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு.

நம் பக்கத்தில் ஏன் மணல் இல்லை, கல் மட்டும் இருக்கிறது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பேன். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணலைத் துறைமுகத்துச் சுவர் தடுத்தது. அந்தப் பக்கம் மெரினா அகலமாகிக்கொண்டே போனது. இந்தப் பக்கம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. கல்லைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

முதல் ஒரு மாதம் எனக்கு அமைதி ஒன்றும் கிடைக்கவில்லை. உடம்பு பாறை மேல் இருக்கும், மனம் பென்ஷன் பேப்பரிலும், யார் யார் என்னை மதிக்கவில்லை என்ற கணக்கிலும் இருக்கும். முதுகுக்குப் பின்னால் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். இந்த இரைச்சலில் என்ன மௌனம் என்று நினைத்தேன். ஆனாலும் வேறு போக்கிடம் இல்லாததால் தினமும் போனேன்.

ஒரு நாள் விடிவதற்கு முன், முதுகில் லேசாகக் காற்று படுவதை உணர்ந்தேன். நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. வெயில் ஏறிய பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தால், கடலிலிருந்து முகத்தில் அடிக்கிறது. நிலக்காற்று, கடற்காற்று! 31 வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். பள்ளியிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் கடல். ஒரு நாள்கூட அந்தக் காற்றை முதுகில் வாங்கியதில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்துதான் பார்க்க ஆரம்பித்தேன். தண்ணீரின் நிறம் நாளுக்கு நாள் மாறுவதை. நீர்க்காகம் பாறையில் இறக்கையை விரித்து உலர்த்துவதை. பைபர் படகுகள் கரைக்கு வருவதை. பாட்டிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் சின்னப் பையன்கள் ஓடி வந்து வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றுவதை. கழற்றி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, யூனிபார்ம் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதை.

அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு ஒருவன் ஞாபகம் வந்தான். 1990-களின் நடுவில், கடைசி பெஞ்சு. பெயர் எழுதவில்லை, அவனுக்கே தெரியும். தினமும் தாமதமாக வருவான். கையில் மீன் வாடை அடிக்கும். ஏன் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. வெளியே நிற்க வைத்தேன். ஒரு நாள் மார்கழியில் வீசுவது என்ன காற்று என்று கேட்டேன். "வாடை சார்" என்றான். நான் எதிர்பார்த்தது வடகிழக்குப் பருவக்காற்று. "பாட்டி கதை சொல்லாதே, புத்தகத்தில் இருப்பதைச் சொல்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் சொன்னது சரியான விடை. வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு நம் மொழி வைத்த பெயர் அது. அந்தக் காற்றை நம்பிக் கடலுக்குப் போகிற வீட்டிலிருந்து வந்தவன் அவன். எனக்குப் புத்தகம் தெரியும், அவனுக்குக் காற்று தெரியும். இது புரிய எனக்கு இருபது வருடமும் ஒரு பாறையும் தேவைப்பட்டது.

"கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று உங்களை எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! அதை அமைதி என்று நினைத்தேன். அது பயம். ஓட்டம் நின்று, நம் தப்பு நமக்கே தெரிகிற அளவுக்கு உள்ளே ஓசை அடங்குவதுதான் அமைதி. அதற்கு லாரிச் சத்தம் தடையில்லை.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வணிகக் குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் விட்டு வந்த பட்டினத்தார் சமாதி இங்கே கடலோரத்தில்தான் இருக்கிறது. வள்ளலார் ஏழுகிணறு வீட்டிலிருந்து ஒற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே வந்து போனவர். 1858-ல் சென்னையை விட்டுக் கிளம்பும் வரை அவருடைய மனம் பக்குவப்பட்டது இந்தத் தெருக்களில்தான். காட்டுக்குப் போனால்தான் உண்டு என்று அவர் காத்திருக்கவில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப நாத்தம்தான் இருக்கு" என்று சிலர் சொல்வீர்கள். சரிதான். நான் உட்கார ஆரம்பித்த எட்டாவது மாதம், 2017 ஜனவரி 28-ல், இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. என் பாறை தார் பூசியது போல ஆனது. மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை மறுபடியும் எண்ணெய். கூழைக்கடாக்களின் வெள்ளை இறகெல்லாம் கறுத்துப்போனது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அமைதி என்பது கண்ணை மூடிக்கொள்வதில்லை. எப்போதாவது முகத்துவாரத்துக்குப் போவேன். அங்கே இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள். சத்தமே இருக்காது. அந்த விரல்களுக்குச் சேற்றின் ஒவ்வொரு மாற்றமும் தெரியும். சாம்பல் எங்கே படிந்தது, தண்ணீர் எங்கே சுட்டது என்று முதலில் சொல்பவர்கள் அவர்கள்தான். அமைதியாகக் கவனிப்பவர்களுக்குத்தான் எது கெட்டுப்போகிறது என்று முதலில் தெரியும். நம் கரையைவிட்டு மனம் விலகினால், கரை போவதும் நமக்குத் தெரியாது. அமைதியை விலை கொடுத்து மலையில் வாங்கிக்கொண்டு, நம் கடலை யார் எப்படியாக்கினால் என்ன என்று இருப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

ஆகவே ஒரே ஒரு வீட்டுப்பாடம். துபாயில் இருந்தாலும் அம்பத்தூரில் இருந்தாலும், வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் போனை வீட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற ஏரியோ மரமோ மொட்டை மாடியோ, எங்கேயாவது உட்காருங்கள். மந்திரம் எதுவும் வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். ஊருக்கு வரும்போது பிள்ளைகளை மால்களுக்கு மட்டும் அழைத்துப் போகாமல், ஒரு விடிகாலை இந்தக் கரைக்கும் கூட்டி வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.

கடைசியாக ஒன்று. அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கூடப் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவனிடம் சொல்லுங்கள்: வாடை என்பது சரியான விடை. முழு மதிப்பெண். சார் மன்னிப்பு கேட்டார் என்றும் சொல்லுங்கள்.