என் தாயார் நடந்த நான்கு நிமிடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும், மருந்துச் சீட்டு வந்தாலும் என் கைக்குத்தான் வரும். பனமலையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் வாசித்துச் சொல்கிறேன். கல்லூரியில் காலடி வைத்த முதல் ஆள் என்பதால், நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள்.

சென்ற ஆண்டு என் தாயாரின் டிரெட்மில் பரிசோதனை ரிப்போர்ட்டும் அப்படித்தான் என்னிடம் வந்தது. கழனி வேலையின்போது நெஞ்சில் பாரமாக இருக்கிறது, மேல்மூச்சு வாங்குகிறது என்று சில மாதங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். 52 வயது. சர்க்கரையும் உண்டு. “இன்னாடா போட்டிருக்கு?” என்று கேட்டார். புரட்டினேன். ஈ.சி.ஜி. கோட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்ற வரி கண்ணில் பட்டது. “ஒண்ணும் இல்லம்மா” என்றேன். அதன் கீழே, இந்தப் பரிசோதனையிலிருந்து முடிவு சொல்ல இயலாது என்று இன்னொரு வரி இருந்தது. முடிவு சொல்ல இயலாது என்றால் நோய் அகப்படவில்லை என்றுதானே பொருள் என்று எண்ணிக்கொண்டேன். நடந்த நேரம் 4 நிமிடம் 10 வினாடி, நிறுத்தக் காரணம் களைப்பு என்பதும் அதே தாளில்தான் இருந்தது. அதை நான் வாசிக்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து, நடவு நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

மருத்துவர்கள் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. “மறுபடி வாங்கம்மா, வேறு பரிசோதனை பார்க்கணும்” என்று அவர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன பிறகு யார் போவார்கள்? அன்று முதல் இந்தப் பரிசோதனையைப் பற்றி எங்கள் துறைப் பேராசிரியர் எடுத்துத் தந்தவற்றையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்து இதுதான்: ஆணின் டிரெட்மில் ரிப்போர்ட்டைப் படிப்பது போலவே பெண்ணின் ரிப்போர்ட்டைப் படிக்கக் கூடாது. கோட்டைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் நிமிடத்தையும் பார்க்க வேண்டும்.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மார்பிலும் உடலிலும் பத்து மின்முனைகளை ஒட்டி, ஓடுகின்ற பெல்ட்டின்மேல் நடக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர் ராபர்ட் புரூஸ் 1963-ல் வகுத்த முறையே இன்றும் பெரும்பாலும் வழக்கில் இருக்கிறது. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், நூற்றுக்குப் பத்து ஏற்றம். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தவர் சுமார் 76 மீட்டர் உயரம் ஏறியிருக்கிறார். நம் செஞ்சி ராஜகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அப்படி ஏறும்போது இருதயத் தசைக்கு இரத்தம் போதாமல் போனால் ஈ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. எனப்படும் பகுதி ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே இறங்கும். இறங்கினால் ‘பாசிடிவ்’.

இந்தக் கோடுதான் பெண்களிடம் அதிகம் ஏமாற்றுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1999-ல் வெளியிட்ட கணக்கின்படி, இரத்தக் குழாயில் அடைப்புள்ள 100 பெண்களில் 61 பேரைத்தான் அது கண்டுபிடிக்கிறது. அடைப்பு இல்லாத 100 பேரில் 30 பேருக்கு இருப்பதாகக் காட்டுகிறது. ஆண்களில் 100-க்கு 68 பேரைக் கண்டுபிடிக்கிறது. 23 பேரிடம் தவறுகிறது. வேறுபாடு சிறிதுதானே என்று தோன்றும். ஆனால் யாரைப் பரிசோதிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நூறு பெண்களில் பத்துப் பேருக்குத்தான் அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். பாசிடிவ் வருபவர் 33 பேர். அவர்களில் உண்மையான நோயாளி 6 பேர்தான். நூறு ஆண்களில் ஐம்பது பேருக்கு அடைப்பு என்றால், 34 பேர் சரியாக அகப்படுவர். 11 அல்லது 12 பேர்தான் வீணாக மாட்டுவர். ஒரே கருவி, ஒரே கோடு. ஓரிடத்தில் பெரும்பாலும் மெய்யாகவும் மற்றோரிடத்தில் பெரும்பாலும் பொய்யாகவும் முடிகிறது.

இதனால் விளைவது என்ன? பெண்ணுக்குப் பாசிடிவ் வந்தால் “பொம்பளைங்களுக்கு இப்படித்தான் காட்டும்” என்று தள்ளிவிடுகிறார்கள். நெகடிவ் வந்தால் வாயு, மனக்கவலை என்று சொல்லிவிடுகிறார்கள். ஆக, எப்படி வந்தாலும் அவள் பேச்சு எடுபடுவதில்லை! அந்தப் பொய்ப் பாசிடிவ்கூட எப்போதும் பொய்யன்று. பெரிய குழாய்களில் அடைப்பு இல்லாமலே, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் கெட்டுப்போய் நெஞ்சுவலியால் அவதிப்படும் பெண்கள் பலர் என்பதை 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

நாடித்துடிப்புக் கணக்கிலும் ஆண் அளவுகோல்தான். 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் நூற்றுக்கு 85 பங்கு துடிப்பை எட்டினால்தான் பரிசோதனை முழுமை என்பார்கள். 1970-களின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஆண்களிடம் எடுத்த அளவுகளிலிருந்து பிறந்த கணக்கு அது. சிகாகோவில் 5437 பெண்களைப் பரிசோதித்த டாக்டர் மார்த்தா குலாட்டி குழுவினர் 2010-ல் பெண்களுக்குத் தனிக் கணக்குத் தந்தனர்: வயதை 0.88-ஆல் பெருக்கி 206-லிருந்து கழிக்க வேண்டும். 52 வயதுக்குப் பழைய கணக்கில் உச்சம் 168. புதிய கணக்கில் 160. என் தாயார் எட்டியது 118. எந்தக் கணக்கிலும் அது போதாது.

இப்போது நிமிடத்துக்கு வருகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியை ஒரு மடங்கு என்று கொண்டால், 52 வயதுப் பெண் ஏறக்குறைய 8 மடங்கு வரை உழைக்க முடிய வேண்டும். அதே குழுவினர் 2005-ல், நோய்க்குறி எதுவும் இல்லாத 5721 பெண்களை ஆராய்ந்து சொன்ன அளவு இது. இந்த அளவில் நூற்றுக்கு 85 பங்கைக்கூட எட்டாதவர்களுக்கு மரண ஆபத்து மற்றவர்களைவிட இரு மடங்காம். என் தாயாரின் நான்கு நிமிடம் சுமார் 5 மடங்குதான். கோடு ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் கால்கள் சொல்லியிருந்தன.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை நானே எழுப்பிக்கொண்டேன். பெல்ட்டில் நடந்தே பழகாத கிராமத்துப் பெண், புடவையோடும் வெறுங்காலோடும், மாரில் ஒயர்களோடும், அந்நிய ஆண்கள் முன்னால் நடக்கிறாள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, “போதும், நிறுத்துங்க” என்றால் அதை இருதயத்தின் குறை என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. முழங்கால் வலியாலும் நிறுத்துவார்கள், கூச்சத்தாலும் நிறுத்துவார்கள். அதனால்தான் ஏன் நிறுத்தினீர்கள் என்று அவளையே கேட்டு எழுத வேண்டும். முன்பெல்லாம் தாளகிரீசுவரர் கோயில் மலையை ஒரே மூச்சில் ஏறிய என் தாயார், அந்த ஆண்டு பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். பெல்ட் பயம் என்று ஒதுக்க முடியாமல் செய்வது அந்தச் செய்தி. அது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

பெண்ணின் இருதயத்தை அவள் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். பர்மாவில் பிறந்து, 1942-ல் போருக்குத் தப்பிக் கோயம்புத்தூர் வந்து, பின்பு டில்லியில் இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணராக விளங்கிய டாக்டர் எஸ். பத்மாவதிதான் அவர். நுரையீரல் கெட்டு அதனால் இருதயமும் தளரும் நோய் டில்லியில் புகைபிடிக்காத பெண்களையும் ஏன் பிடிக்கிறது என்று ஆராய்ந்து, அடுப்புப் புகையைச் சுட்டிக்காட்டினார். 1959-ல் அது வெளிவந்தது. 2020-ல் தம் 103-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தது போல, இன்று பெல்ட்டில் நடப்பவளையும் யாராவது எட்டிப் பார்க்க வேண்டாமா?

அப்படியானால் பெண்களுக்கு டிரெட்மில்லே வேண்டாம் என்கிறாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. நடக்க முடிந்த 824 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டிரெட்மில்லும் மற்றதற்கு விலை கூடிய அணுக்கதிர்ப் படமும் எடுத்து இரண்டாண்டுகள் கவனித்த முடிவு 2011-ல் வந்தது. இரு பிரிவாரின் கதியிலும் வேற்றுமை இல்லை; டிரெட்மில்லில் செலவு குறைவு. நம் மாவட்டத்துக்கு இது பெரிய செய்தி. கருவியை மாற்ற வேண்டியதில்லை. பரிசோதனை அறையில் ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும். தொடங்குமுன் இரண்டு நிமிடம் பெல்ட்டில் பழக விட வேண்டும். ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் இரண்டே வரி வேண்டும்: எத்தனை நிமிடம் நடந்தார், அது போதுமா. ‘முடிவு சொல்ல இயலாது’ என்பதற்குப் பக்கத்தில் ‘கட்டாயம் மறுபடி வரவும்’ என்று எழுதினால் மை குறைந்துவிடாது.

அதுவரை, வீட்டு ரிப்போர்ட்டை வாசிப்பவர்கள் நாம்தான், நண்பர்களே! நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் கண் பரிசோதனை நடத்துகிறோம், மரக்கன்று நடுகிறோம். ஒரு நாள் மேசை போட்டு உட்கார்ந்து, ஊராரின் ரிப்போர்ட்டுகளை ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு வாசித்துச் சொன்னால் என்ன?

சென்ற மாதம் என் தாயாருக்கு மறுபடியும் பரிசோதனை. ரிப்போர்ட்டை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டும்போதே, “எத்தினி நிமிஷம்னு பாருடா” என்றார். 6 நிமிடம் 40 வினாடி.