அசோகப் பட்டையும் பெயர்க் குழப்பமும்

மூலிகைகள் மருந்துக் கடைக்கு மலரோடும் இலையோடும் வருவதில்லை. உலர்ந்த பட்டையாகவும், நறுக்கிய வேராகவும், பொடியாகவுமே வருகின்றன. இனத்தைக் காட்டும் உறுப்புகள் காட்டிலேயே நின்றுவிட, எஞ்சியதற்குப் பெயர் ஒன்றே சான்றாகின்றது. அப்பெயரும் பிழையாயின் நோயாளியின் நிலை என்னாவது?

அசோகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மாதவிடாய்க் காலத்து மிகுந்த குருதிப்போக்கிற்கு ஆயுர்வேதம் விதிப்பது சராகா அசோகா என்னும் மரத்தின் பட்டை. அம்மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, கூட்டிலை உடையது, தளிர்கள் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், பூங்கொத்துகள் ஆரஞ்சு நிறத்தில் மலர்ந்து பின்னர்ச் சிவக்கும். ஆனால், நாட்டின் பல நகரங்களில் சாலையோரங்களில் அசோகம் என்று சுட்டப்படுவது சீத்தாக் குடும்பத்து நெட்டிலிங்கமே. அதற்குத் தனியிலை, அலைபோன்ற விளிம்பு, வெளிறிய பச்சைப் பூ. மரமாக நிற்கையில் பள்ளி மாணவனும் இரண்டையும் பிரித்தறிவான். உரித்து உலர்த்தியபின் தேர்ந்த வணிகரும் தடுமாறுவர். நெட்டிலிங்கப் பட்டை அசோகப் பட்டையாக விலைபோவது ஆய்வாளர் பலர் கண்ட உண்மை. குருதி இழந்து நலிந்த பெண் ஒருத்தி மாதக்கணக்கில் மாற்றுப் பட்டையின் கஷாயத்தைப் பருகினால், நோய் முற்றும். பழியோ மருத்துவர்மேல் விழும்.

இதனை வஞ்சகம் என்றே ஒதுக்குவது பொருந்தாது. மெய்யான அசோகம் அருகிவருகின்றது, தேவையோ குறையவில்லை. பிராமியின் கதையில் வஞ்சகத்திற்கு இடமே இல்லை. ஆயுர்வேத மருந்து நூல் நீர்ப்பிரமியைப் பிராமி என்றும், வல்லாரையை மண்டூகபர்ணி என்றும் வகுத்துள்ளது. ஆயினும் வடக்கே பல இடங்களில் வல்லாரையே பிராமி.

இயற்கை வேளாண் முத்திரை பெற்ற பொருளை நாடுவோர் இந்நாளில் பெருகியுள்ளனர். நன்றே. எனினும் அம்முத்திரை விளைவித்த முறைக்கே முதன்மையாகச் சான்று பகர்வது. இனம் காணும் பணிக்கு அது ஈடாகாது.

நுண்ணோக்கிச் சோதனை தேவையே. ஆனால், ஆலை வாயிலில் தொடங்கும் சோதனை காலங்கடந்தது. சேகரிக்கும் இடத்திலேயே இலையும் பூவும் உள்ள சிறு கிளையை அழுத்தி உலர்த்தி, சரக்குடன் அனுப்பவேண்டும். 1890ஆம் ஆண்டில் தோன்றி 1954இல் சீரமைக்கப்பட்ட இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்கு ஹவுராவிலும் கோயம்புத்தூரிலும் பெரிய உலர்தாவரத் தொகுப்புகள் உள்ளன. ஐயம் எழுந்தால் அங்கு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பொட்டலத்தின்மேல் லத்தீன் பெயரும் தெளிவாக அச்சிடப்படவேண்டும்.

செலவு மிகும் என்பர் சிலர். கிளையை உலர்த்தப் பழைய செய்தித்தாள் போதும். காட்டில் அலைந்து சேகரிப்பவருக்கு இப்பணிக்கெனத் தரும் தனிக் கூலியே மெய்யான செலவு. அதனை ஆலைகளே ஏற்பதுதான் முறை.